மறைந்த நடிகர்க்கு மேடை செய்யும் மரியாதை

ஓவியன் மறைந்தால் அவன் தீட்டிய ஓவியம் இருக்கிறது. சிற்பிக்குப் பின் சிலை நிற்கிறது. கவிஞனுக்கு ஏடு உண்டு. நாடக நடிகனுக்கோ அவனுடைய உடலே ஏடு, குரலே எழுத்து. அவன் மறையும்போது அவன் படைத்ததும் உடன் மறைந்துவிடுகிறது. திரைப்படம் வந்த பிறகு இக்குறை தீர்ந்தது என்பர் சிலர். அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. திரையில் எஞ்சுவது திரைக்காக நடித்த நடிப்பு. ஓர் ஊரில் ஓர் இரவில் ஐந்நூறு பேர் முன் நிகழ்ந்த மேடை நடிப்பு, அந்த ஐந்நூறு பேர் நினைவில் மட்டுமே வாழும். அவர்களும் ஒருநாள் மறைவர்.

ஆகவே மறைந்த நடிகனை நினைவில் வைக்கும் பொறுப்பு, பெரும்பாலும் அவனோடு மேடையில் நின்றவர்கள் மேல் விழுகிறது. அவர்கள் அப்பொறுப்பை எவ்வாறு நிறைவேற்றி வந்துள்ளனர் என்பதே இக்கட்டுரையின் பொருள். நம் வகுப்புகளில் நாடகத்தின் பெயர், ஆசிரியர் பெயர், ஆண்டு ஆகியவற்றை நடத்துகிறோம். தேர்விலும் அவையே வருகின்றன. நடித்தவர் யார் என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. கேட்கப்படாத அந்தப் பகுதியைப் படிக்கத் தொடங்கியபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. அஞ்சலி துக்கத்தைக் காட்டுவதோடு நிற்பதில்லை. இவர் நம்மவர், இவர் நம்மவர் அல்லர் என்று ஒரு சமுதாயம் கிழிக்கும் கோட்டையும் அது காட்டிவிடுகிறது. நடிகர்களைப் பொறுத்தவரை அந்தக் கோட்டைப் பற்றிய வழக்கு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. இன்னும் தீர்ப்பாகவில்லை.

ஷேக்ஸ்பியர் நாடக ஆசிரியர் மட்டுமல்லர், நடிகரும் ஆவார். தம் நாடகக் குழுவில் பங்குதாரராகவும் இருந்தார். 1616 ஏப்ரலில் அவர் இறந்தபோது அவருடைய உயிலில் ஒரு சிறு குறிப்பு இருந்தது. ரிச்சர்ட் பர்பேஜ், ஜான் ஹெமிங்ஸ், ஹென்றி காண்டெல் என்னும் மூன்று சக நடிகர்களுக்கு, மோதிரம் வாங்கிக்கொள்ள ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ். இறந்தவர் நினைவாக மோதிரம் அணிவது அக்காலத்து இங்கிலாந்தின் வழக்கம். மூவருள் பர்பேஜ் 1619இல் மறைந்தார். மற்ற இருவரும் மோதிரத்தோடு நிற்கவில்லை. தம் நண்பரின் நாடகங்களைத் தேடித் தொகுத்து 1623இல் ஒரு பெரிய நூலாக வெளிவரச் செய்தனர். அதில் உள்ள 36 நாடகங்களுள் பாதி, அதாவது 18, அதற்குமுன் அச்சேறாதவை. 'மாக்பெத்', 'ஜூலியஸ் சீசர்', 'பன்னிரண்டாம் இரவு' ஆகிய மூன்றும் அவற்றுள் அடங்கும். அவ்விரு நடிகர்கள் இல்லாவிட்டால் நம் பாடத்திட்டத்தில் பாதி காலியாகியிருக்கும் என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கையாயினும் உண்மை. அந்நூலின் முற்பகுதியில் ஒரு பக்கம் இருக்கிறது. அந்நாடகங்களில் நடித்த முதன்மை நடிகர் 26 பேரின் பெயர்ப் பட்டியல் அது. முதற்பெயர் ஷேக்ஸ்பியருடையது. ஏனைய 25 பேருள் நமக்கு இன்று தெரிந்தவர் மிகச் சிலர். ஆயினும் பெயர்கள் நிற்கின்றன.

இங்கிலாந்தில் நடிகனுக்குக் கல்லறை மறுக்கப்படவில்லை. பிரான்சிலோ நிலைமை வேறு. அங்கே நடிப்புத் தொழிலைக் கத்தோலிக்கத் திருச்சபை பாவத் தொழிலாக வைத்திருந்தது. இறக்குந்தறுவாயிலுள்ள நடிகன் குருவின் முன்னிலையில் தன் தொழிலைக் கைவிடுவதாக உறுதி கூற வேண்டும். கூறினால்தான் இறுதிச் சடங்கும் திருச்சபை இடுகாட்டில் இடமும் கிடைக்கும். இந்த விதிதான் மோலியேரின் சாவில் வந்து குறுக்கே நின்றது.

1673 பிப்ரவரி 17ஆம் நாள். பாரிசில் பலே ரொயால் அரங்கு. மோலியேர் எழுதிய 'கற்பனை நோயாளி' நாடகத்தின் நான்காம் காட்சி நாள். நோயே இல்லாமல் நோயாளி என்று தன்னை எண்ணிக்கொண்டு மருத்துவர்களுக்குப் பணத்தைக் கொட்டும் ஆர்கான் என்பவனே கதைத்தலைவன். அந்த வேடத்தில் நடித்தவர் மோலியேரே. அவருக்கோ மெய்யாகவே நெஞ்சுநோய். நோயில்லாதவனாகிய நோயாளியை நோயாளி ஒருவர் நடித்துச் சிரிக்க வைத்தார். மூன்றாம் அங்கத்தில் ஆர்கான் மனைவியின் அன்பைச் சோதிப்பதற்காக நாற்காலியில் செத்தவன்போலக் கிடப்பான். அதையும் அன்று நடித்தார். இறுதிக் காட்சியில் அவருக்கு வலிப்புக் கண்டது. அதைச் சிரிப்பாக மாற்றி மறைத்தார் என்பர். நாடகம் முடிந்ததும் ரிஷெலியு தெருவிலிருந்த வீட்டுக்கு அவரைக் கொண்டுசென்றனர். குருவை அழைத்துவர ஆள் போயிற்று. பங்கைச் சேர்ந்த குருமார் இருவர் வர மறுத்தனர். மூன்றாமவர் வந்து சேர்ந்தபோது உயிர் பிரிந்திருந்தது. அப்போது வயது 51.

உறுதிமொழி கூறாமல் இறந்ததால் அடக்கம் செய்ய இடம் மறுக்கப்பட்டது. அவருடைய மனைவியும் நடிகையுமான ஆர்மாந்த் பெழார் பேராயருக்கு விண்ணப்பித்தார். அரசர் பதினான்காம் லூயியிடமும் முறையிட்டார். அரசர் மோலியேரின் நாடகங்களைப் பார்த்துச் சிரித்தவர், அவருடைய குழந்தைக்கு ஞானத்தந்தையாக நின்றவர். கடைசியில் அனுமதி கிடைத்தது. ஆனால் நிபந்தனைகளோடு கிடைத்தது. பகலில் கூடாது. ஆடம்பரம் கூடாது. திருப்பலிச் சிறப்புக் கூடாது. பிப்ரவரி 21 இரவில் புனித யோசேப்பு இடுகாட்டுக்கு அவர் உடல் சென்றது. நண்பர்கள் தீப்பந்தம் ஏந்தி உடன் நடந்தனர். தலைநகரையே சிரிக்க வைத்தவருக்கு அந்நகரம் அளித்த வழியனுப்பு அவ்வளவே.

இனி, அவருடைய குழுவினர் என்ன செய்தனர் என்று காண வேண்டும். இந்தக் கட்டுரைக்கு வேண்டிய செய்தி அதில்தான் இருக்கிறது. ஒரு வாரத்தில் அரங்கை மீண்டும் திறந்தனர். வேறு வழியில்லை, நாடகம் நின்றால் அத்தனை குடும்பங்களும் பட்டினி. அடுத்த மாதமே 'கற்பனை நோயாளி'யையும் மீண்டும் மேடையேற்றினர். தலைவர் உயிரைப் பறித்த வேடத்தை மற்றொரு நடிகர் ஏற்று, அதே நாற்காலியில் அமர்ந்தார். லா கிராஞ்சு என்னும் நடிகர் குழுவின் நாட்கணக்கை எழுதி வந்தவர். எந்த நாடகம், எவ்வளவு வசூல், பங்கு எவ்வளவு என்று வரிவரியாக எழுதிய அந்தக் கணக்கேட்டிலேயே மோலியேரின் மறைவையும் குறித்துவைத்தார். ஒன்பது ஆண்டு கழித்து, 1682இல், அவரும் ஒரு நண்பரும் சேர்ந்து மோலியேரின் நாடகங்களை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டனர். ஹெமிங்ஸும் காண்டெலும் செய்த வேலையே இது. ஒரு கணக்கப்பிள்ளையின் பொறுமையும் ஒரு நண்பனின் பற்றும் சேர்ந்ததால் உலகத்துக்கு மோலியேர் கிடைத்தார்.

அக்குழுவையும் அதன் போட்டிக் குழுவையும் அரசர் 1680இல் ஒன்றாக இணைத்தார். அதுவே 'கொமெடி பிரான்சேஸ்' என்று இன்றும் பாரிசில் இயங்கும் அரசாங்க நாடக அரங்கு. மோலியேர் நடித்த நாற்காலியை அவர்கள் எறிந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையிலும் அந்நாடகம் நடக்கும்போதெல்லாம் ஆர்கானாக நடித்தவர்கள் அதிலேயே அமர்ந்தனர் என்பது வரலாறு. இப்போது அது கண்ணாடிப் பேழைக்குள் அரங்கிலேயே இருக்கிறது. ஆண்டுதோறும் சனவரி 15இல், அதாவது அவர் ஞானஸ்நானம் பெற்ற நாளில், நாடகம் முடிந்ததும் குழுவினர் மேடையில் கூடுவர். ஒருவர்பின் ஒருவராக முன்வந்து, மோலியேரின் நாடகங்களிலிருந்து ஆளுக்கொரு வசனம் சொல்வர். அதுதான் அஞ்சலி. சொற்பொழிவு இல்லை, மாலை இல்லை. இறந்த நாளை விட்டுப் பிறப்போடு ஒட்டிய நாளை அவர்கள் தேர்ந்துகொண்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மோலியேருக்காவது இரவில் ஆறடி நிலம் கிடைத்தது. ஐம்பத்தேழு ஆண்டு கழித்து, 1730 மார்ச்சில் இறந்த அட்ரியென் லெகுவ்ரர் என்னும் நடிகைக்கு அதுவும் இல்லை. அவர் அக்காலத்துப் பாரிசின் தலைசிறந்த சோக நடிகை. பாட்டுப் பாடுவதுபோல வசனம் பேசும் பழைய வழக்கத்தை விட்டு, மனிதர் பேசுவதுபோல மேடையில் பேசியவர் என்று புகழப்பட்டவர். இறந்தபோது அவர் உடலை இடுகாட்டுக்குள் விடவில்லை. இரவோடிரவாக எடுத்துச்சென்று சேன் நதிக்கருகே ஒரு வெற்றிடத்தில் புதைத்துச் சுண்ணாம்பு இட்டனர். அவருடைய நண்பராகிய வோல்ட்டேர் கடும் சினங்கொண்டு ஒரு கவிதை எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில் இலண்டனில் ஆன் ஓல்ட்ஃபீல்டு என்னும் நடிகை இறந்தார். அவரை வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில், அரசர்களும் அறிஞர்களும் துயிலும் இடத்தில், அடக்கம் செய்தனர். ஒரே ஆண்டில் ஒரே தொழில் செய்த இரு பெண்களுக்கு நேர்ந்த இந்த வேறுபாட்டை வோல்ட்டேர் விடாமல் சுட்டிக்காட்டித் தம் நாட்டவரை வெட்கப்படச் செய்தார்.

வோல்ட்டேர் சொன்னதோடு நம் நூல்கள் நின்றுவிடுகின்றன. அவர் சொல்லாத ஒன்றும் உண்டு. ஓல்ட்ஃபீல்டுக்குக் கல்லறை கிடைத்தது, ஆனால் அங்கே நினைவுச்சின்னம் எழுப்ப மடாலயத்துத் தலைவர் இசையவில்லை. மணம் செய்துகொள்ளாமலே அவர் இரு ஆண்மக்களுக்குத் தாயானதுதான் தடை. உள்ளே விட்டார்கள், பெயரை உயர்த்த விடவில்லை. கோடு அங்கேயும் இருந்தது, சற்றுத் தள்ளி இருந்தது. ஆண் நடிகர்களுக்கு அந்தச் சிக்கல் எழவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டேவிட் கேரிக் 1779இல் மறைந்தபோது அதே மடாலயத்தில் பெருஞ்சிறப்புடன் அடக்கமானார். திரையை இரு கைகளாலும் விலக்கிக்கொண்டு அவர் வெளிவருவதுபோல ஒரு சிலை அங்கே அவருக்கு உண்டு. ஹென்றி இர்விங் 1905 அக்டோபரில் பிராட்ஃபோர்டு நகரில் மேடையிலிருந்து விடுதிக்குத் திரும்பியவுடன் உயிர்விட்டார். அவருடைய சாம்பலும் அங்கேயே வைக்கப்பட்டது. பிரெஞ்சு நடிகர்கள் குடிமக்களுக்குரிய முழு உரிமை பெறுவதற்கு 1789ஆம் ஆண்டுப் புரட்சி வேண்டியிருந்தது.

இலண்டனில் கோவென்ட் கார்டன் பகுதியில் புனித பவுல் ஆலயம் ஒன்று உண்டு. பெரிய பேராலயம் வேறு, இது வேறு. 1633இல் கட்டி முடித்த சிறிய கோயில். அக்கம்பக்கமெல்லாம் நாடகக் கொட்டகைகள் ஆனதால் அதற்கு 'நடிகர்களின் கோயில்' என்றே பெயர். அதன் சுவர்களில் மறைந்த நடிகர்களின் பெயர்ப் பலகைகள் பதித்துள்ளனர். சார்லி சாப்ளின், விவியன் லீ போன்ற உலகறிந்த பெயர்களுக்குப் பக்கத்திலேயே நாம் கேள்விப்படாத பெயர்களும் உள்ளன. மாபெரும் நடிகை எல்லன் டெர்ரியின் சாம்பல் அங்கே ஒரு வெள்ளிப் பேழையில் இருக்கிறது.

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்திகள், நமக்கென்ன என்று மாணவர் சிலர் எண்ணக்கூடும். 'கூத்தாடி' என்னும் சொல்லை நம் ஊரில் எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்று ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். கலைஞனைக் குறிக்கும் சொல்லையே வசையாக்கி வைத்த நாடு இது. மோலியேரின் கதை நமக்கு அயலானதன்று. மேடையிலேயே உயிர்விட்ட பெருமகன் ஒருவர் நமக்கும் உண்டு. தியாகி விசுவநாததாசு சிவகாசியில் பிறந்தவர். வள்ளி திருமணத்திலும் கோவலன் நாடகத்திலும் கதைக்கிடையே விடுதலைப் பாட்டுகளைப் புகுத்திப் பாடிச் சிறை சென்றவர். மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்கள் இருந்தனர். கைதுசெய்யக் காத்திருந்த காவலர் ஒரு பக்கம், இழிவாகப் பார்த்த சக நடிகர் மறு பக்கம். 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் வள்ளி திருமணம் நாடகத்தில் முருகன் வேடத்தில், மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே அவர் உயிர் பிரிந்தது. முருகன் கோலம் கலைக்காமலே அவரை இறுதி ஊர்வலத்தில் கொண்டுசென்றனர் என்று நாடக உலகில் சொல்லி வருகின்றனர். வேடத்தோடு வழியனுப்பியது தொழிலை மறுக்கச் சொன்ன பாரிசு வழக்கத்துக்கு நேர் எதிர். திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது.

கே. பி. சுந்தராம்பாள் செய்த அஞ்சலி வேறு வகை. அவருடைய கணவரும் மேடைத் துணைவருமான எஸ். ஜி. கிட்டப்பா 1933 டிசம்பர் 2இல் தம் 27ஆம் வயதில் மறைந்தார். கிட்டப்பாவின் குரல் எட்டாத தூரமில்லை என்று அந்நாளில் கேட்டவர்கள் சொல்வர். சுந்தராம்பாள் அன்றே வெள்ளாடை பூண்டார். இனி எந்த ஆணுடனும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். பிறகு திரைப்படத்துக்கு அழைத்தபோது, 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனா'ரில் தாமே நந்தனாராக ஆண்வேடம் ஏற்றார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்ச ரூபாய் என்பதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்துள்ளனர். மறைந்த ஒரு நடிகனின் இடத்தை மேடையில் யாருக்கும் கொடாமல் காலியாகவே வைத்திருந்தது அதைவிடப் பெரிய செய்தி என்பது என் எண்ணம்.

தமிழ் மேடைக்குக் கூட்டமாகச் செய்யும் அஞ்சலியும் உண்டு. அதுதான் சங்கரதாசு சுவாமிகளின் குருபூசை. தூத்துக்குடிப் பகுதியில் 1867இல் பிறந்து, தமிழ் நாடகத்துக்குத் தலைமையாசிரியர் என்று பெயர் பெற்றவர் அவர். சிறுவர்களைச் சேர்த்து நாடகக் குழு அமைத்துப் பாடமும் பாட்டும் கற்பித்தார். 1918இல் மதுரையில் அவருடைய சபையில் சேர்ந்த சிறுவர்களுள் டி. கே. எஸ். சகோதரர்களும் இருந்தனர். அவர்களுள் ஒருவரான அவ்வை சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை' என்னும் நூலைப் படிப்பவர், ஆசிரியரைப் பற்றி மாணவர் எப்படி எழுத வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ளலாம். சுவாமிகள் 1922 நவம்பர் 13இல் புதுச்சேரியில் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கே நாடகக் கலைஞர்கள் வந்து கூடுகின்றனர். மதுரை, புதுக்கோட்டை முதலிய ஊர்களில் நாடக நடிகர் சங்கங்களும் அவருக்கு விழா எடுக்கின்றன. ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கிறது என்று அறிந்தவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். இராசபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், பபூனும் ஆர்மோனியக்காரரும் இன்னும் இரண்டு ஊர்களிலிருந்து வருவர். ஒத்திகை கிடையாது. அன்றிரவுதான் சந்திக்கின்றனர். விடியும்வரை நாடகம் தடையின்றி நடப்பது எதனால்? அத்தனை பேருக்கும் சுவாமிகளின் பாடம் பொதுவாக இருப்பதால். ஒரே குடும்பத்தார் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு இருக்கும் சான்று அந்தப் பாடமே. ஆகவே குருபூசையில் ஆர்மோனியக்காரருக்கும் இராசபார்ட்டுக்கும் ஒரே குரு.

இனி நியூயார்க் நகருக்கு வருவோம். இக்காலத்தில் உலகம் அதிகம் அறிந்த நாடக அஞ்சலி அங்கேதான் நடக்கிறது, வழக்கும் அங்கேதான் நடக்கிறது. பிராட்வே என்பது ஒரு தெருவின் பெயர். நாடக உலகில் அச்சொல் அத்தெருவையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த, ஐந்நூறு இருக்கைகளுக்குக் குறையாத 41 அரங்குகளைக் குறிக்கும். ஒவ்வோர் அரங்கின் முகப்பிலும் நாடகத்தின் பெயரைத் தாங்கி விளக்குப் பலகை எரியும். பெருங்கலைஞர் ஒருவர் மறைந்தால், குறித்த நாள் மாலையில், நாடகம் தொடங்குவதற்குச் சற்றுமுன் அந்த விளக்குகளை ஒரு நிமிடம் தணிப்பார்கள். இதுவே சடங்கு. உள்ளே மேடை விளக்கை யாரும் தொடுவதில்லை. நுழைவுச்சீட்டோடு தெருவில் வரிசையில் நிற்பவர்களும், வழிப்போக்கர்களும், வேலைக்கு வரும் நடிகர்களும் நின்று நிமிர்ந்து பார்ப்பர். நிமிடம் முடிந்ததும் விளக்கு எரியும்.

1952 செப்டம்பரில் கெர்ட்ரூடு லாரன்ஸ் என்னும் ஆங்கில நடிகை மறைந்தபோது இவ்வாறு செய்தனர். 'அரசரும் நானும்' என்னும் இசை நாடகத்தில் அவர் அப்போது நடித்துக்கொண்டிருந்தார். அந்நாடகத்தில் நடனக் காட்சியில் அணிந்த உடையிலேயே அவரை அடக்கம் செய்தனர். நம் விசுவநாததாசின் முருகன் கோலம் மீண்டும் நினைவுக்கு வருகிறது. இலண்டன் அரங்குகளும் அவருக்காக விளக்கைத் தணித்தன. அந்நாடகத்தின் பாடலாசிரியர் ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன் 1960 ஆகஸ்டு 23இல் மறைந்தார். செப்டம்பர் முதல் நாள் இரவு 9 மணிக்கு டைம்ஸ் சதுக்கத்து விளக்குகள் யாவும் ஒரு நிமிடம் அணைந்தன, போக்குவரத்து நின்றது. போர்க்கால இருட்டடிப்புக்குப் பிறகு அச்சதுக்கம் கண்ட பெரிய இருள் அது. மோலியேருக்குத் தீப்பந்தம் ஏற்றி வழிகாட்ட வேண்டியிருந்தது. ஹேமர்ஸ்டைனுக்கு நகரமே விளக்கை அணைத்தது.

யாருக்கு அணைப்பது என்று முடிவு செய்பவர்கள் நடிகர்கள் அல்லர். அரங்க உரிமையாளர்களின் குழு முடிவு செய்கிறது, பிராட்வே லீக் என்னும் அவர்களின் அமைப்பு அறிவிக்கிறது. 2014 செப்டம்பரில் நகைச்சுவை நடிகை ஜோன் ரிவர்ஸ் மறைந்தார். அவர் அண்மைக்காலத்தில் நாடகத்தில் இயங்கவில்லை என்று காரணம் கூறி முதலில் விளக்கணைக்க மறுத்தனர். எதிர்ப்பு எழுந்தது. அரங்க உரிமையாளர்கள் சிலர் தாமே தணிப்பதாக முன்வந்தனர். சில நாட்களுக்குள் எல்லா அரங்குகளிலும் தணித்தனர். 2018 செப்டம்பரில் மரின் மாசி என்னும் நடிகை 57 வயதில் புற்றுநோயால் மறைந்தார். டோனி விருதுக்கு மும்முறை முன்மொழியப்பட்டவர். முதலில் ஆறு அரங்குகளில் மட்டும் விளக்கைத் தணிப்பதாக அறிவித்தனர். மீண்டும் எதிர்ப்பு, மீண்டும் மாற்றம். 2024 செப்டம்பர் 30இல் கேவின் கிரீல் 48 வயதில் மறைந்தபோதும் சில அரங்குகள் மட்டும் என்றே தொடங்கினர். பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டு முறையிட்ட பின்னரே எல்லா அரங்குகளும் என்றாயிற்று.

உரிமையாளர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். நாடகத் தொழிலில் ஆயிரக்கணக்கானோர் உள்ளனர். இறக்கும் ஒவ்வொருவருக்கும் அணைத்தால் வாரந்தோறும் அணைக்க வேண்டிவரும். வாரந்தோறும் அணையும் விளக்கைப் பார்க்க எவரும் நிற்கமாட்டார். அருமையாக இருந்தால்தான் அது மரியாதை. இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் 'சில அரங்குகள்' என்னும் ஏற்பாடு எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. முழுதும் மறுப்பதைக்கூட ஒரு விதி என்று பொறுத்துக்கொள்ளலாம். நாற்பத்தொன்றில் ஆறு என்று சொல்லும்போது, இறந்தவரின் மதிப்பை எண்ணிட்டுச் சொன்னதாகிறது. தேர்வுத்தாளில் மதிப்பெண் போடலாம், சவப்பெட்டிமேல் போடலாகாது. எதிர்ப்புத் தெரிவித்த சக நடிகர்கள் கொதித்தது இதனால்தான். வெளியில் அந்நடிகரின் பெயர் எவ்வளவு தூரம் தெரியும் என்பதைக் குழு அளந்தது. ஒப்பனை அறையில் பக்கத்துக் கண்ணாடிமுன் அமர்ந்திருந்தவர்கள் வேறோர் அளவுகோல் வைத்திருந்தனர். புதிதாக வந்தவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார், பிறர் நோயுற்ற நாளில் மூன்று மணி நேர அறிவிப்பில் வேடம் தாங்கியவர் யார் என்பதெல்லாம் அவர்கள் கணக்கில் வரும்.

இந்தச் சண்டையிலும் பேசப்படாதவர்கள் உண்டு. பிராட்வே இசை நாடகங்களில் 'ஸ்விங்' என்று ஒரு வகை நடிகர் இருப்பார். குழுநடனத்தில் வரும் எட்டுப் பத்துப் பேரின் ஆட்டமும் பாட்டும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று யார் வரவில்லையோ அவர் இடத்தில் நிற்பார். எல்லோரும் வந்துவிட்ட இரவில் அவருக்கு மேடையில் இடமில்லை. அப்படி இருபது ஆண்டு உழைத்த ஒருவரோ, உடை மாற்றிவிடும் பணிப்பெண்ணோ, கயிறிழுத்துத் திரை தூக்குபவரோ இறந்தால் முகப்பு விளக்கு தணிவது அரிதினும் அரிது. அவர்களுக்கு அந்தந்த நாடகக் குழுவே தனக்குள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. அன்றைய நாடகம் முடிந்து, நடிகர்கள் கைகோத்து நின்று வணங்கும்போது, ஒருவர் கையை உயர்த்திக் கைதட்டலை நிறுத்துவார். இறந்தவரின் பெயரைச் சொல்வார். அவர் என்ன வேலை செய்தார் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்வார். இன்றைய நாடகத்தை அவருக்குப் படைத்தோம் என்பார். அதற்கு எந்தக் குழுவின் அனுமதியும் வேண்டியதில்லை. வீடு திரும்ப எழுந்த பார்வையாளர்கள், அதுவரை கேள்விப்படாத அந்தப் பெயருக்காக மறுபடியும் கைதட்டுவர்.